தொண்ணூற்றாறு லட்சத்துச் சொச்சம்

வீரய்யாவை அறந்தாங்கிக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கீரமங்கலத்தில் இறக்கிவிட்டது ஒரு சித்திரை மாதக் கடைசியில். ரங்கூனில் குண்டு விழுந்த சேதி வந்த நாளிலிருந்து தம்பியைப் பற்றி ஒரு தகவலும் தெரியாமல் இருந்த ரத்தினவேல், கொல்லையில் கடலைக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். பிள்ளைகள் முன்னால் வேகமாக நடந்துகூடப் பழக்கமில்லாத மனிதர், அன்றைக்குச் சேற்றுக் காலோடு தெருவில் ஓடியதை ஊரே பார்த்தது.

வண்டியில் இருந்தது தம்பிதான். கன்னம் ஒட்டி, கால் இரண்டும் வீங்கி, யாருடையதோ ஒரு பெரிய சட்டைக்குள் உட்கார்ந்திருந்தான்.

"பட்டணத்துல அகதிக் கொட்டகையில பாத்தேங்க" என்றார் அறந்தாங்கிக்காரர். "ரங்கூன்ல எங்க தெருவுக்கு அடுத்த தெருவு. முகம் அடையாளம் தெரிஞ்சுது, கூட்டிட்டு வந்துட்டேன். மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு."

"சம்சாரம்?"

"நான் பாக்கையில தனியாத்தாங்க இருந்தாரு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராக்காயி வந்தாள். வீரய்யாவின் மனைவி அழகியைப் பெற்றவள். இரண்டு தெரு தள்ளி வீடு. புருஷன் போனபின் ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துக் கப்பல் ஏற்றி அனுப்பியவள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாப்ள, அழகி எங்கிட்டு? பின்னால வாராளா?"

வீரய்யா அவளை நேராகப் பார்த்தான். சொல்லப்போகிறவன் போல வாயைத் திறந்தான்.

"ஒம்பது. ஆறு. ஆறு. ஒம்பது. நாலு. ஆறு. மூணு" என்றான்.

அதற்கப்புறம் அவன் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பசிக்கிறதா என்று கேட்டாலும் அதுதான் பதில். காலில் வெந்நீர் ஊற்றினால் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையேதான் சொன்னான். மற்றபடி சாப்பிட்டான், தூங்கினான், வேட்டியைத் தானே கட்டிக்கொண்டான். ஆலங்குடியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், வழியில் கண்ட காய்ச்சல் மூளைக்குப் போய்ப் பேச்சைக் கொண்டுபோய்விட்டது என்றார். திரும்பி வருமா என்று கேட்டதற்கு, வந்தாலும் வரலாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

ராக்காயி தினமும் விடிந்ததும் வந்துவிடுவாள். "மாப்ள வாயைத் தொறந்தாரா?" என்று ரத்தினவேலின் மனைவி மீனம்மாளிடம் கேட்பாள். இல்லை என்றால் வீரய்யாவுக்கு எதிரே உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். எழுத்து தெரியாதவள். கொஞ்ச நாளில் அந்த ஏழு இலக்கமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அது என்ன எண் என்று ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம். முகாமில் கொடுத்த சீட்டின் நம்பர் என்றார்கள். ரயில் பெட்டியின் நம்பர் என்றார்கள். அகதிகள் விவகாரம் பார்த்த அதிகாரிகளுக்கு ரத்தினவேல் எழுதிக் கேட்டார். அவ்வளவு பெரிய எண்ணில் தங்களிடம் சீட்டே கிடையாது என்று பதில் வந்தது. ஜோசியர் இலக்கங்களைக் கூட்டி நாற்பத்து மூன்று என்றார், அதையும் கூட்டி ஏழு என்றார், ஏழு கேதுவுக்கு உரியது என்றார். அழகி உயிரோடு இருக்கிறாளா என்று ராக்காயி கேட்டபோது மட்டும் வடக்கே பார்த்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"இந்தக் கூட்டல் கழித்தலெல்லாம் ஒங்களுக்குத் தெரியாததா பெரிய மாப்ள?" என்று ராக்காயி ரத்தினவேலிடம் வந்து நின்றாள். "நீங்க கணக்குப் படிச்சவுக. கூடப்பொறந்தவுக வேற. அதுக்குள்ள எம்மக இருக்காளான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"எண்ணுக்குள்ள அதெல்லாம் இருக்காது அத்தை."

"பின்ன எதுக்கு அவரு அதையே சொல்றாரு?"

 அந்தக் கேள்வி அவரையும் குடைந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கும் தம்பிக்கும் சின்ன வயதில் ஒரு விளையாட்டு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும்போது ஒருவன் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவன் அதை வகுத்து உடைக்க வேண்டும். தொண்ணூற்றொன்று என்றால் ஏழு பதிமூன்று. நூற்று நாற்பத்து மூன்று என்றால் பதினொன்று பதிமூன்று. எதாலும் உடையாத எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்பவனுக்கு அன்றைக்கு வெற்றி. வீரய்யாதான் பெரும்பாலும் ஜெயிப்பான். படிப்பை நிறுத்திவிட்டு ரங்கூனில் அரிசி மில் ஒன்றில் கணக்கெழுதப் போனது அவன். அவனில் பாதிக் கெட்டிக்காரரான அண்ணன் வாத்தியாரானார்.

இந்த எண்ணும் அப்படி உடையாத எண்ணாக இருந்தால்? அப்படியிருந்தால் அது அவன் பொறுக்கி எடுத்த எண். அந்த வீங்கிய முகத்துக்குப் பின்னால் பழைய வீரய்யா முழிப்போடு உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். உடைந்துபோனால் அது வாய்க்கு வந்த ஏதோ ஓர் எண், அவ்வளவுதான். இந்த நினைப்பு வந்தபிறகு ரத்தினவேலால் சும்மா இருக்க முடியவில்லை.

தொண்ணூற்றாறு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று. கடைசி இலக்கம் மூன்று என்பதால் இரண்டும் ஐந்தும் ஆகாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை நாற்பத்து மூன்று, ஆகவே மூன்றாலும் போகாது. ஏழால் வகுத்தால் ஆறு மிச்சம். பதினொன்றுக்கு ஒன்று மிச்சம். பதிமூன்றுக்குப் பதினொன்று மிச்சம். இவையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிட்டன. ஓர் எண் இரண்டாக உடைவதென்றால் சின்ன துண்டு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இந்த எண்ணுக்கு அது மூவாயிரத்து நூற்றொன்பது சொச்சம். அதுவரைக்கும் உள்ள பகா எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு வகுத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காது. சிலேட்டில் வகுத்து அழித்துவிட்டு, ஆகாது என்று தெரிந்த எண்ணை மட்டும் நெல் குதிருக்குப் பின்னாலிருந்த சுவரில் சாக்பீஸால் எழுதினார். சுவர் நிறைந்துகொண்டே வந்தது. ஆயிரத்து முன்னூற்று இருபத்தேழில் ஒருமுறை மிச்சமில்லாமல் போய்விட்டது. மறுபடி போட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு கழித்தல் தப்பு. அன்றைக்குத் தப்பு என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டார். எண் இன்னும் உடையவில்லை.

சீக்கிரம் முடித்திருக்கலாம்தான். பள்ளிக்கூடம், கொல்லை, தம்பியைக் குளிப்பாட்டுவது என்று வேலைகள் இருந்தாலும் நாலைந்து வாரத்துக்கு மேல் பிடிக்கிற வேலை இல்லை. ஆனால் முடித்துவிட்டால் அப்புறம் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு என்று போட்டார். சில வாரம் சிலேட்டைத் தொடவே இல்லை. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்த மீனம்மாள், அந்தச் சுவரை மட்டும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

தை கடைசியில் ராக்காயி ஒரு நாள் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் எம்புட்டு இருக்கு?"

"பாதிக்கு மேல ஆச்சு அத்தை. ஒண்ணும் அகப்படலை."

"புதுக்கோட்டை காலேஜுல இதுக்குன்னே பெரிய படிப்புப் படிச்சவுக இருக்காகளாமே. அங்கிட்டுப் போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன? நானும் வாரேன்."

 சனிக்கிழமை காலையில், பின்னால் கரி அடுப்புக் கட்டிய பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். மேட்டில் ஏறமுடியாமல் பஸ் நின்ற இடத்திலெல்லாம் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். ராக்காயியும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினாள்.

காலேஜ் வளாகத்து வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்துவிட்டு ரத்தினவேல் உள்ளே போனார். கணக்குப் புரொபசர் ஆத்மநாதன் ஒல்லியான, சாந்தமான மனிதர். யாரோ ஒரு கிராமத்து வாத்தியார் ஓர் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பது அவருக்கு வேடிக்கையாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஒவ்வொண்ணா வகுத்தீங்களா? எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூணு வரைக்குங்க."

"நல்ல பொறுமை. இன்னொரு வழி இருக்கு, பாருங்க. ஒரு வர்க்கத்துலேருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழிச்சா இந்த எண் வருதான்னு பாக்கலாம். வந்துட்டா ரெண்டாப் பிரிஞ்சுடும்."

மூவாயிரத்து நூற்றுப் பத்தின் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தார். இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு. அது வர்க்கம் இல்லை. அடுத்து மூவாயிரத்து நூற்றுப் பதினொன்றைப் போட்டார். அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனார். பியூன் வைத்துவிட்டுப் போன காபி முழுக்க ஆறுவதற்குள் மூவாயிரத்து நூற்று இருபத்தெட்டுக்கு வந்துவிட்டார். அதன் வர்க்கத்திலிருந்து கழித்தால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. பேனா நின்றது.

"முன்னூத்து முப்பத்தொன்பதோட வர்க்கம்" என்றார். "அந்த முன்னூத்து முப்பத்தொன்பதை மூவாயிரத்து நூத்து இருபத்தெட்டுலேருந்து கழிச்சா ரெண்டாயிரத்து எழுநூத்து எண்பத்தொன்பது. கூட்டினா மூவாயிரத்து நானூத்து அறுபத்தேழு. இது ரெண்டையும் பெருக்கினா உங்க எண்."

ரத்தினவேல் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். அவர் போன வழியிலேயே போயிருந்தாலும் கடைசியில் இந்த இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பதில்தான் போய் முட்டியிருப்பார். 

"இந்த ரெண்டும் மேல உடையுமாங்க?"

ஆத்மநாதன் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார். "உடையாது. ரெண்டுமே பகா எண்தான். உங்களுக்கு இந்த எண் எங்கேருந்து கிடைச்சுது?"

"ஒரு ஆளு சொன்னதுங்க." "ஐயா, ஒண்ணு கேக்கணும். இது ஒருத்தன் யோசிச்சுச் சொன்ன எண்ணா, வாய்க்கு வந்ததைச் சொன்னதான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

புரொபசர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி கணக்கைப் பற்றியதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு கெட்டிக்காரன் வேணும்னே ரெண்டு பகா எண்ணைப் பெருக்கி வச்சிருக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு ஏழு இலக்கத்தைச் சொன்னாலும் இப்படி அமைஞ்சுடலாம். இந்த மாதிரி எண் எத்தனையோ இருக்கு. எண்ணைப் பாத்து அதைச் சொன்னவனைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

வெளியே வந்தபோது ராக்காயி எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்தே, "என்னமோ தெரிஞ்சிருச்சு" என்றாள்.

"ரெண்டாப் பிரிஞ்சிருச்சு அத்தை. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்லை."

"ரெண்டாவா?"

"ஆமா. ஒரு சின்ன எண்ணு, ஒரு பெரிய எண்ணு. ரெண்டையும் பெருக்கினா அது."

"அந்த ரெண்டும் இன்னும் ஒடையுமா?"

"ஒடையாது."

ராக்காயியின் முகம் மெல்ல மலர்ந்தது. வீரய்யா வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் ரத்தினவேல் பார்க்காத மலர்ச்சி.

"அப்ப ரெண்டு பேரும் ஒடையாம இருக்காக. பெருசு மாப்ள, சிறுசு எம்மக. பிரிஞ்சு மட்டுந்தான் போயிருக்காக."

"அத்தை, அப்படி இல்லை. அது வெறும் கணக்கு. நான் சொல்றதைக் கேளுங்க."

"கேட்டுட்டேன். ஒடையாதுன்னு நீங்கதானே சொன்னீக."

பஸ்ஸுக்கு வரும் வழியில் வளையல் கடை ஒன்றில் நின்றாள். தன் கைக்கு ஆகாத சின்ன வளையல்களாகப் பார்த்துப் பச்சையில் ஒரு ஜோடி எடுத்தாள். அழகிக்குப் பச்சைதான் பிடிக்கும் என்றாள். ரத்தினவேல் கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

வீட்டுக்கு வந்ததும் தம்பியின் முன்னால் உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வீரய்யா, இங்க பாரு. ரெண்டாயிரத்து எழுநூத்து எண்பத்தொம்பது. மூவாயிரத்து நானூத்து அறுபத்தேழு. ஒடச்சுட்டேன்டா. நான் ஒடைக்கலை, காலேஜு வாத்தியாரு ஒடச்சாரு. சரிதானா?"

எண்ணைப் பாதி சொல்லிக்கொண்டிருந்த வீரய்யா நிறுத்தினான். அண்ணனின் உதட்டையே பார்த்தான். மீனம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். வீரய்யாவின் புருவம் ஒருமுறை நெறிந்தது.

"ஒம்பது" என்று அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ரத்தினவேல் கையை விட்டார். அன்று சாயங்காலமே சுவரைத் துடைத்துவிட வாளியில் தண்ணீர் கொண்டுபோனவர், பாதி துடைத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

பங்குனியில் குடுமியான்மலையிலிருந்து அழகுமலை என்று ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். வீரய்யா கணக்கெழுதிய அதே மில்லில் மூட்டை அடுக்கியவர். சிட்டகாங்கில் சீக்காய்க் கிடந்து, எழுந்து, கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவிவிட்டு அப்போதுதான் ஊர் வந்திருந்தார். வீரய்யாவைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதார். வீரய்யா அவரிடமும் எண்ணைச் சொன்னான்.

"ஒண்ணாத்தாங்க கெளம்புனோம், இவரும் தங்கச்சி அழகியும் நாங்களும்" என்றார் அழகுமலை. "அரக்கான் மலையில ஏறையிலேயே வாந்திபேதி பரவிருச்சு. தங்கச்சிக்கு ஒரு நாளுதாங்க. ஒரு ஓடைக்கரையில முடிஞ்சு போச்சு. இவரு விடாம தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு. நாங்கதான் பிடிச்சு இழுத்துப் பிரிச்சு மண்ணுல வச்சோம். அதுவரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு. அப்பறந்தான் காய்ச்சல். தோணி ஏறையில கூட்டத்துல ஆளுக்கு ஒரு பக்கமாப் பிரிஞ்சு போனோம்."

"அந்த எண்ணு?"

"அது என்னான்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க கூட வரையில சொல்லிக் கேட்டதில்ல."

வீரய்யா இதையெல்லாம் யாரோ எவர் கதையையோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ராக்காயியிடம் போய்ச் சொல்ல வேண்டியது ரத்தினவேல்தான். மீனம்மாள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். ராக்காயி முற்றத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்ற விதத்திலேயே அவளுடைய கை நின்றது. எதையும் சுற்றி வளைக்காமல் அழகுமலை சொன்னதைச் சொன்னார். சொல்லும்போது எதிரில் இருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.



"தண்ணி குடுத்தாகளாமா?" என்று கேட்டாள் ராக்காயி. "வாந்திபேதியில நாக்கு வறண்டு போகும். தண்ணி தண்ணிம்பாக."

அழகுமலையிடம் அதை அவர் கேட்கவில்லை.

"ஓடைக்கரையிலதான் அத்தை" என்றார். "ஓடையில தண்ணி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சாம்."

அவள் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரத்தினவேல் எங்கே நிற்பது என்று தெரியாமல் கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் ராக்காயி வந்தாள். இந்த முறை மாப்பிள்ளை வாயைத் திறந்தாரா என்று அவள் கேட்கவில்லை. "மாப்ளையை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"என்ன பேச்சு இது அத்தை? கொழுந்தனாரை நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றாள் மீனம்மாள்.

"நீங்க பாக்கலைன்னு யாரு சொன்னா? எனக்குன்னு வேற யாரு இருக்கா? எம்மகளைத் தோள்ல தூக்கிட்டு நடந்த மனுஷன்."

வீரய்யா எழுந்து அவள் பின்னாலேயே நடந்தான். தெருமுனை திரும்பும்வரை அந்த எண் கேட்டுக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்தினவேல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கோடை முடிகிற சமயம், ஒருநாள் தம்பி சொன்னது அவர் காதில் இடறியது. ஒம்பது, ஆறு, ஆறு, ஒம்பது, நாலு, ஆறு. அத்தோடு நின்றது. உதடு மட்டும் அசைந்து எதையோ தேடியது.

"மூணு" என்றார் ரத்தினவேல்.

வீரய்யா அதை வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடியும் ஆறு இலக்கம்தான். கடைசியில் நின்ற மூன்று போனதும் எண் இரட்டைப்படையாகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பாதியாக்கிவிடும். எத்தனையோ மாதம் அது உடையக்கூடாது என்று வகுத்துக்கொண்டிருந்தவர் அவர். அடுத்த தடவை போனபோது நாலும் ஆறும் சேர்ந்து போயிருந்தன. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரலில், முழு எண்ணையும் அவன் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தார். சொல்லு, நீயும் சொல்லு என்று தோளைப் பிடித்து உலுக்கினார். வீரய்யா மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

கஞ்சிக் கும்பாவோடு வந்த ராக்காயி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"விடுங்க பெரிய மாப்ள" என்றாள். "வாரது வரட்டும்."

ரத்தினவேல் கையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் கஞ்சியை ஆற்றி ஒரு வாய் கொடுத்தாள். வீரய்யா விழுங்கினான். வாயைத் துடைத்துவிட்டதும் அவளைப் பார்த்து, "ஒம்பது" என்றான்.

அடுத்ததற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.